தலைமாட்டில் ஓர் ஆள் நிற்க வேண்டும்

எங்கள் ரெட் ரூமில் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். துடைக்க வருகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனாலும் துடைத்து முடித்ததும் கட்டிலின் தலைமாட்டைக் கொண்டுபோய்ச் சுவரில் இடித்து நிறுத்திவிட்டுத்தான் போவார்கள். பார்க்க அழகாக இருக்கிறதாம். அழகு பார்க்கவா இங்கே ஆள் கொண்டு வருகிறார்கள் என்று கத்துவேன். கத்திவிட்டு நானே இழுத்து நகர்த்துவேன். தலைமாட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் வேண்டும். மூச்சு நின்றவருக்கு மூச்சுக் கொடுப்பவர் அங்கேதான் நிற்க முடியும். பக்கவாட்டில் நின்றுகொண்டு அந்த வேலையை யாராலும் ஒழுங்காகச் செய்ய முடியாது.

மைசூரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். பெண்களை சிஸ்டர் என்பதுபோல ஆண்களை பிரதர் என்பார்கள். வருகிறவர்களில் உயிர் ஊசலாடுகிற நிலையில் உள்ளவர்களை வேறெங்கும் நிறுத்தாமல் நேராகக் கொண்டு வந்து போடும் அறைக்குத்தான் ரெட் ரூம் என்று பெயர். அந்த அறையில் என்ன இருக்க வேண்டும், எங்கே இருக்க வேண்டும் என்பது என் பொறுப்பு. பிறந்தது மாதேஸ்வரன் மலைப் பக்கம் இருக்கும் ராமாபுரம். வீட்டில் தமிழ், வேலையில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். என் மகள் நான் தமிழில் கேட்டால் கன்னடத்தில் பதில் சொல்கிறாள். அதற்கும் கோபப்பட்டுப் பார்த்துவிட்டேன், பலன் இல்லை.

அந்த அறையை ஒழுங்கு செய்வதில் எனக்கு ஒரு வெறி இருந்தது என்றே சொல்லலாம். சக்கரம் வைத்த சிவப்பு டிராலி ஒன்று இருக்கிறது. மேல் இழுப்பறையில் மூச்சு சம்பந்தப்பட்டது எல்லாம். தொண்டைக்குள் பார்க்கும் விளக்குக் கருவி, குழாய்கள், பச்சைக் குழந்தை முதல் பெரிய ஆள் வரைக்குமான முகமூடிகள், கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் ஆம்பு பை. அதற்குக் கீழே ரத்தம் சம்பந்தப்பட்டது, ஊசிகள், சலைன். அதற்கும் கீழே மருந்துகள். முதலில் மூச்சு, பிறகு ரத்தம், பிறகு மருந்து. மனிதனுக்கு எது முதலில் போனால் முதலில் சாவானோ அந்த வரிசையில்தான் டிராலியையும் அடுக்க வேண்டும். மருந்துகளை அகர வரிசையில் வைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார். செத்துக்கொண்டிருப்பவன் அகர வரிசையில் சாக மாட்டான் சார் என்றேன். அவர் அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதில்லை.

காலையில் வேலைக்கு வந்ததும் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பேன். விளக்கு எரிகிறதா, சளி உறிஞ்சும் மிஷின் சத்தமாக இழுக்கிறதா, இதயத்துக்கு மின்சாரம் கொடுக்கும் ஷாக் மிஷின் சோதனையில் வேலை செய்கிறதா என்று. ஆம்பு பையின் வாயை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு அமுக்குவேன். காற்று கசியாமல் பை திமிற வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் டிராலிக்கு ஒரு பிளாஸ்டிக் பூட்டுப் போடுவேன். இழுத்தால் அறுந்துவிடும் பூட்டு அது. அறுந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பாம்புக்கடி மருந்து ஃப்ரிட்ஜில் குறையாமல் இருக்க வேண்டும் என்று மருந்தகத்தோடு நான் போட்ட சண்டைகள் ஊரறிந்தவை. ஏனென்றால் எங்கள் பக்கத்திலிருந்து, அனூர், மார்டள்ளி, மாதேஸ்வரன் மலைப் பக்கத்திலிருந்து பாம்பு கடித்தால் கடைசியில் மைசூருக்குத்தான் வர வேண்டும்.

அன்றைக்கு நான் பூட்டுப் போட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கொள்ளேகாலம் தாண்டி வந்த ஓர் ஆம்புலன்ஸ் சைரனோடு வாசலில் நின்றது. முன்கூட்டியே போன் வந்திருந்ததால் நாங்கள் தயாராக இருந்தோம். கட்டுவிரியன் கடித்த ஒரு பெண், மார்டள்ளிப் பக்கம், வழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பாம்புக்கடி மருந்து ஏற்றித் தொண்டையில் குழாய் போட்டு அனுப்பியிருக்கிறார்கள், வீட்டுக்காரர் பையை அமுக்கிக்கொண்டு வருகிறார். இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். கேட்டபோது நிம்மதியாகக்கூட இருந்தது. கட்டுவிரியன் கடிக்கு இதைவிட நல்ல சேதி வர முடியாது.

அது ஏன் என்று சொல்லிவிடுகிறேன். கட்டுவிரியன் கடித்த இடம் வீங்காது, பெரிதாக வலிக்காது. தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கடித்துவிட்டுப் போய்விடும். விடிந்ததும் வயிற்று வலி என்பார்கள், கண் இமை தூக்க முடியவில்லை என்பார்கள். பிறகு விழுங்க முடியாது. பிறகு மூச்சு விடும் தசைகள் ஓய்ந்துவிடும். ஆனால் இதயம் நன்றாக அடித்துக்கொண்டிருக்கும். மூளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பக்கத்தில் பேசுவதெல்லாம்கூடக் காதில் விழும். விஷம் இறங்கும்வரை வேறொருவர் அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் போதும். எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார். நானே பார்த்திருக்கிறேன்.

ஸ்ட்ரெச்சரை இறக்கியபோது பை அமுக்கும் சத்தம் கேட்கவில்லை. தொண்டைக் குழாயிலிருந்து கழன்று, பை தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. கூட வந்த கணவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். துணியை வெட்ட நான் கால் பக்கம் போனேன். இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்து, சேலையில் கிழித்த துணியால் கட்டியிருந்தது.

செத்தவர்களுக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள். அதைப் பார்த்த சிஸ்டரின் கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் டாக்டர் மட்டும் நிற்கவில்லை. மைசூர்க்காரப் பெண், பேச்சும் வேகம், கையும் வேகம். கழுத்தில் விரலை வைத்துப் பார்த்து, நாடி இருக்கிறது, மெல்லியதாக இருக்கிறது என்று கத்தினார். கத்தி முடிப்பதற்குள் அதுவும் நின்றது.

அந்த நேரத்தில் எங்கள் அறை வேலை செய்ததைப் போல வேறெந்த அறையும் வேலை செய்து நான் பார்த்ததில்லை. தலைமாட்டில் டாக்டர் நிற்க இடம் இருந்தது. பையைக் குழாயில் மாட்டி அவர் அமுக்கத் தொடங்கினார். நான் மார்பை அமுக்கினேன். யாரும் எதையும் தேடவில்லை, யாரும் எது எங்கே என்று கேட்கவில்லை. கை நீட்டிய இடத்தில் மருந்து இருந்தது. கொஞ்ச நேரத்தில் திரையில் துடிப்பு வந்தது, பிறகு கழுத்திலும் நாடி வந்தது. மூச்சு மிஷினில் போட்டோம். அந்தக் கால் கட்டை நான்தான் கத்தரித்தேன். முடிச்சு இறுக்கமாக, பொறுமையாகப் போடப்பட்டிருந்தது.

கண்ணின் பாவை விரிந்திருந்தது. டார்ச் அடித்தால் சுருங்கவில்லை. வேறு யாருக்காவது இப்படி என்றால் மூளை போய்விட்டது என்போம். ஆனால் கட்டுவிரியன் விஷம் பாவையையும் முடக்கிவிடும், கண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, விஷம் இறங்கட்டும் என்றார் டாக்டர். எவ்வளவு நேரம் மூச்சில்லாமல் இருந்தார் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம் என்றும் சொன்னார். அதைக் கேட்டு வரச் சொல்லி என்னை வெளியே அனுப்பினார். தமிழ் ஆள்கள் வந்தால் எப்போதும் என்னைத்தான் அனுப்புவார்கள்.

கணவன் வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முப்பதைத் தொட்டிருக்கலாம். மக்காச்சோளம் போடுகிற சின்ன விவசாயி. நாடி வந்துவிட்டது என்று நான் தமிழில் சொன்னதும் அவன் எழுந்து நின்றுவிட்டான். அவனுக்கு அது புரியவே இல்லை.

"பொழைச்சுக்கிச்சுங்களா? செத்துப்போனதுங்கல்ல?"

"ஆருங்க செத்துப்போச்சுன்னு சொன்னது? கால்ல கட்டு ஆரு போட்டீங்க?"

"நாந்தானுங் சாமி போட்டேன்" என்றாள் அவன் அம்மா. "வெறைச்சுப்போச்சுன்னா அப்பறம் கால் சேராதுல்லங்க. டிரைவர் பாத்துப்போட்டு, உசுரு இல்லைன்னு சொல்லீட்டாருங்களே."

கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினேன். வழி நெடுக அவன் பையை அமுக்கிக்கொண்டே வந்திருக்கிறான். கை மரத்துப்போனாலும் விடவில்லை. டி. நரசீபுரம் தாண்டி, வருணா ஏரியும் தாண்டி, ஊரின் கட்டடங்கள் கண்ணில் படும் இடத்தில் ஆக்சிஜன் சிலிண்டரை மாற்ற டிரைவர் வண்டியை நிறுத்தியிருக்கிறார். பின்பக்கம் ஏறி, 'ஸ்வல்ப நில்லிசி' என்றிருக்கிறார். கொஞ்சம் நிறுத்து என்று அர்த்தம். சந்தைக் கன்னடம் தெரிந்த இவனுக்கு அது புரிந்து, நிறுத்தியிருக்கிறான். டிரைவர் குழாயின் வாயில் கையை வைத்துப் பார்த்திருக்கிறார். 'உசிரு இல்லா, பேக ஹோகோணா' என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடிப்போய் வண்டியை எடுத்திருக்கிறார்.

எங்கள் தமிழில் உசுரு என்றால் உயிர். கன்னடத்தில் உசிரு என்றால் மூச்சு. செத்தால் அங்கும் உசிரு போயிற்று என்பதுண்டு. ஆனால் நோயாளியின் மூக்கிலோ குழாயிலோ கை வைத்துப் பார்த்து ஒருவர் உசிரு இல்லா என்றால் அது மூச்சைத்தான். இன்னும் தானாக மூச்சு வரவில்லை, சீக்கிரம் போவோம் என்று அந்த ஆள் சொன்னார். இவன் காதில் விழுந்தது வேறு. நிறுத்திய கையை அவன் மறுபடி எடுத்துப் பையில் வைக்கவில்லை. மருமகளின் கால்களை மாமியார் நேராக இழுத்து வைத்துச் சேர்த்துக் கட்டினாள்.

"அப்பறமும் எதுக்கு இங்க வந்தீங்க?" என்று கேட்டேன்.

"பாம்பு கடிச்சதுங்கல்ல, போலீஸ் கேசாகும். பெரியாசுபத்திரில பாத்து எழுதிக் குடுத்தாத்தான் எடுத்துட்டுப் போக விடுவாங்கன்னு நெனச்சனுங்க."

சைரன் போட்டு ஓட்டிய வண்டிக்குள் அவர்கள் இருவரும் பிணத்தோடு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அப்போது காது கேட்டுக்கொண்டிருந்தது.

டிரைவர் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். அந்த அம்மா பிழைத்தாரா என்று என்னைக் கேட்டார். உசிரு இல்லை என்று சொன்னால் அந்த ஆள் பயந்துபோய் இன்னும் வேகமாக அமுக்குவான் என்று நினைத்துச் சொன்னேன் பிரதர், பாவம் ரொம்பக் களைத்துப்போயிருந்தான் என்றார். அவர்மீது கோபப்பட வேண்டும் என்று போனவன் நான். கோபம் வரவில்லை. நாளைக்கும் அவர் இதே வண்டியை ஓட்ட வேண்டும். அந்த வார்த்தை செய்ததைச் சொல்லாமல், அவர் டீக்குக் காசு கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

டாக்டரிடம் மட்டும் சொன்னேன். அவர் இரண்டு தடவை கேட்டார். "உசிரு என்றால் உங்கள் ஆள்களுக்கு ஜீவனா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் கையைக் கழுவப் போனார். தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவாமலே நின்றார். இந்த அறை வாசலில் நின்று எத்தனை பேரிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பேன் பிரதர் என்று கேட்டார். சின்ன வயதிலிருந்து இரண்டு உசிரும் என் வாயில் புழங்குகின்றன. ஆளைப் பார்த்து நாக்கு மாறிக்கொள்ளும். அவை ஒன்றோடு ஒன்று மோதிக்கொள்ளும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

அந்தப் பெண்ணின் கணவனிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம். முடிவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. அவர் வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தார், நானும் அசைத்தேன். அவள் எழுந்துவிட்டால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. எழாவிட்டால் எதற்காகச் சொல்வது? பெண்டாட்டியின் மூச்சைக் கையில் வைத்திருந்து நீதான் கீழே வைத்தாய் என்று ஒருவனிடம் சொல்லி யாருக்கு என்ன ஆகப் போகிறது?

மேலே ஐசியுவுக்கு மாற்றினார்கள். என் வேலை ரெட் ரூமோடு முடிந்தது. வழக்கமாக அதற்குப் பிறகு நான் யாரையும் போய்ப் பார்ப்பதில்லை. பார்த்தால் மறுநாள் வேலை ஓடாது. ஆனால் இந்த விஷயத்தில் கால் தானாக மாடி ஏறியது. அவனும் அவன் அம்மாவும் வராந்தாவில் பாய் விரித்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவன் எழுந்து வருவான்.

"அண்ணா, உசுரு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

தினமும் இதே கேள்வி, இதே பதில். முதலில் சார் என்றவன் பிறகு அண்ணா ஆக்கிக்கொண்டான். அவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை இருப்பதாகச் சொன்னான். அக்கா வீட்டில் விட்டு வந்திருந்தான். அந்தக் குழந்தை போனில் அம்மாவிடம் கொடு என்று அடம் பிடிக்கும்போது, அம்மா தூங்குது கண்ணு என்பான்.

அந்த நாள்களில்தான் இரண்டாவது ரெட் ரூம் கட்டுவது பற்றி ஒரு கூட்டம் போட்டார்கள். கண்ணாடிக் கதவு, கூரையிலிருந்து தொங்கும் ஆக்சிஜன் இணைப்பு, எல்லாக் கட்டிலுக்கும் மிஷின் என்று திரையில் படம் காட்டினார்கள். பழைய அறையைப் பற்றி ஒருவர் புகழ்ந்து பேசினார். மூச்சு நின்று வந்த பாம்புக்கடி கேஸில் ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை, இதைத்தான் மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். எனக்கு அங்கேயிருந்து எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. புது அறைக்கு உங்களுக்கு என்ன வேண்டும் பிரதர் என்று கேட்டார்கள். வாசலில் ஒரு தமிழ் ஆள் வேண்டும், எல்லா ஷிஃப்டிலும் வேண்டும், வழியில் உள்ள ஆம்புலன்ஸ்களிலும் வேண்டும் என்றேன். சிரித்தார்கள். அதற்குத்தான் நீங்கள் இருக்கிறீர்களே என்றார்கள். எங்கள் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கட்டில்களைச் சுவரிலிருந்து தள்ளிப் போடும்படி படத்தில் காட்டியிருந்தார்கள். எத்தனை வருடம் நான் கேட்டது அது. கிடைத்தபோது சந்தோஷப்படத் தெம்பில்லை.

விஷம் இறங்கத் தொடங்கியது. முதலில் விரல் அசைந்தது. பிறகு இமை தானாகத் திறந்தது. மாமியார் வராந்தா முழுக்க அதைச் சொல்லி அழுதாள். கண்ணு தொறந்துருச்சு, மாதேஸ்வரன் கண்ணைத் தொறந்துட்டான் என்று முன்பின் தெரியாத ஒரு கன்னடக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டாள். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. முன்னால் போய் நின்றேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். காதருகே குனிந்து, உங்க பொண்ணு கூப்புடுதுங்க, கண்ணை ஆட்டுங்க என்று சொன்னேன். கண் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தது. எங்கேயும் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். உடம்பு அவ்வப்போது திடுக்திடுக்கென்று துள்ளியது. இத்தனை வருடத்தில், மூச்சில்லாமல் கிடந்து மூளை கெட்டவர்களிடம் அந்தத் துள்ளலை நான் பார்த்திருக்கிறேன். என்ன அர்த்தம் என்று ஐசியு டாக்டரைக் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

படியில் இறங்கி வரும்போது, இதெல்லாம் எதற்கு என்று இருந்தது. தினமும் காலையில் ஆம்பு பையை உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்ப்பது எதற்கு, பூட்டு எதற்கு, மருந்தகத்தோடு போட்ட சண்டை எதற்கு? எல்லாம் அந்த அறைக்குள் இருக்கிறது. அறைக்கு வெளியே, ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், எல்லாம் முடிந்துபோய்விட்டது. மறுநாள் காலை டிராலியைத் தொட்டுப் பார்க்க எனக்குக் கை எழவில்லை. இன்னொரு பிரதரைச் செய்யச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மதியம், அந்தப் பெண்ணின் கணவன் மாடியிலிருந்து ஓடி வந்தான். ரெட் ரூம் வாசலில் நின்றிருந்த என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"அண்ணா, உசுரு வந்துருச்சுங்ண்ணா! டாக்டர் சொல்லீட்டாரு. உசுரு வந்துருச்சு, மிஷினை எடுத்தாச்சுன்னு அவரு வாயாலயே சொன்னாருங்ண்ணா!"

எனக்குப் புரிந்துவிட்டது. உசிரு பந்திதே, மூச்சு வந்திருக்கிறது என்று ஐசியு டாக்டர் சொல்லியிருப்பார். தசைகள் தேறி, தானாக மூச்சு விடுகிறாள். அந்த டாக்டர் அதோடு நிறுத்தியிருக்க மாட்டார். மெதுளு என்று மூளையைப் பற்றியும் சொல்லியிருப்பார், எழ மாட்டாள் என்பதையும் அவர்கள் பழக்கப்படி மெதுவாகச் சொல்லியிருப்பார். மெதுளு என்ற வார்த்தை சந்தையில் புழங்குவதில்லை. இவன் காதில் ஏறியது ஒன்றே ஒன்றுதான்.

"டாக்டர் வேற என்னமுஞ் சொன்னாருங்களா?"

"என்னென்னமோ சொன்னாருங்க. அது கெடக்குது. பாப்பாகிட்ட மொதல்ல சொல்லிப்போடறேன். அம்மாவுக்கு உசுரு வந்துருச்சு, நாளைக்கே பேசும்னு சொல்லிப்போடறேன்" என்று அவன் போனை எடுத்துவிட்டான். மணி அடிக்கத் தொடங்கியது எனக்கும் கேட்டது.

நான் அவன் கையைப் பிடித்தேன். "வேண்டாமுங்க. போனை வைங்க."

"ஏனுங்ண்ணா?"

அந்தக் குழந்தை எடுப்பதற்குள் அவனை நிறுத்த வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது என் மனதில் இருந்தது. வேறு எதையும் யோசிக்கவில்லை. "அவரு சொன்னது மூச்சைங்க. மூச்சுதான் வந்திருக்குது. கன்னடத்துல உசிருன்னா மூச்சு. நம்ம சொல்ற உசுரு வேற. மூச்சு வந்துருச்சு, ஆனா அவங்களுக்கு மூளை போயிருச்சுங்க. இனி எந்திரிக்க மாட்டாங்க. உங்களையுந் தெரியாது, பாப்பாவையுந் தெரியாது."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்பது எனக்கே உறைத்தது. அவன் போனை நிறுத்தினான். முதலில் அழப் போகிறான் என்று நினைத்தேன். அழவில்லை. எதையோ மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்ப்பவனைப்போல உதடு மட்டும் அசைந்தது.

"உசிருன்னா மூச்சுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப வண்டில அந்த டிரைவர் சொன்னதுங்ண்ணா?"

ஏதாவது பொய் சொல்லியிருக்க வேண்டும். டிரைவருக்கு ஒன்றும் தெரியாது என்றோ, அதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது என்றோ சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பார்த்து அவனே தெரிந்துகொண்டான். அப்படியே தரையில் உட்கார்ந்தான். ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தவர்கள், வழி விடுங்கள் வழி விடுங்கள் என்று கன்னடத்தில் கத்தியபோதும் நகரவில்லை. நான்தான் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

ஓரமாக உட்கார்ந்தபடியே சொன்னான். "எங்கம்மாவுக்கு இது தெரிய வேண்டாமுங்ண்ணா. கால்ல கட்டு போட்டது அதுங்க. தெரிஞ்சுதுன்னா நாண்டுக்கிட்டு செத்துப்போயிரும்."

அவன் சொல்லி வாயை மூடவில்லை, அந்த அம்மா படியிறங்கி வந்துவிட்டாள். முழங்கால் வலிக்காரி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்தாள். மகன் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"ஏன்டா சாமி இங்க வந்து உக்காந்துட்ட? டாக்டர் என்னடா சொன்னாரு? மிஷினையெல்லாங் கழட்டிப்போட்டாங்களே, எதுக்குடா?"

அவன் எழுந்தான். முகத்தைத் தோள் துண்டால் துடைத்துக்கொண்டான்.

"உசுரு வந்துருச்சும்மா."

அவள் அவனை நம்பவில்லை. என் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் கூப்பினாள்.

"ஆமாங்களா சாமி? உசுரு வந்துருச்சுங்களா?"

அவன் என்னைப் பார்க்காமல் நின்றான்.

"ஆமாங்கம்மா" என்றேன். "வந்துருச்சுங்க."